வந்தியத்தேவன் எங்க வீட்டுப் பிள்ளை

தமிழ்நாட்டில் பொன்னியின் செல்வனைப் படமாக எடுக்காத ஆள் கிடையாது. மணிரத்னம் கடைசியாக எடுத்தவர், அவ்வளவுதான்.

மற்றவர்கள் எல்லோரும் பத்து வயதிலேயே எடுத்து முடித்துவிட்டார்கள். முழுப் பரீட்சை லீவில் திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஐந்து பாகத்தையும் மண்டைக்குள்ளேயே ஷூட் செய்து, எடிட் செய்து, ரிலீஸும் செய்தாயிற்று. ஹீரோ வந்தியத்தேவன். முகம் மட்டும் கொஞ்சம் நம் முகம் மாதிரியே இருக்கும்.

டெல்டாவில் இந்த வியாதி இன்னும் முற்றியது. கோயம்புத்தூர்க்காரருக்கு அது சரித்திரக் கதை. மன்னார்குடிக்காரருக்குப் பக்கத்துத் தெரு சமாசாரம். கும்பகோணம் பஸ் ஏறினால் பழையாறை, தஞ்சாவூர் பஸ் ஏறினால் பழுவேட்டரையர், கோடியக்கரை பக்கம் போனால் பூங்குழலி. ‘நம்ம ஊர்க் கதை’ என்ற உரிமை பட்டாவில் ஏறாத குறைதான்.

இதில் ஒரு சின்ன சங்கடம். இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் எழுதிய கல்கி, குதிரையைக் காஞ்சிபுரத்துக்கு விட்டார், கப்பலை இலங்கைக்கு விட்டார். மன்னார்குடியில் மட்டும் ஒரு முக்கியமான காட்சிகூட வைக்கவில்லை. அந்த ஊர்ப் பந்தலடியில் நின்று ‘எங்க சோழர்’ என்று மார்தட்டுகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கல்கியைக் குற்றம் சொல்ல முடியாது. மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயிலைக் கட்ட ஆரம்பித்த முதலாம் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தது 1070இல். கதை நடந்து நூறு வருஷம் கழித்து. அவரும் எப்பேர்ப்பட்ட சோழர்? அம்மா வழியில் சோழர், அப்பா வழியில் வேங்கிச் சாளுக்கியர். நேர்வாரிசு தீர்ந்துபோனதும் வம்சத்தையே வேறு நடிகரை வைத்து ரீமேக் செய்தார்கள். படம் ஐம்பது வருஷம் ஓடியது. ‘பழைய ஆள் மாதிரி இல்லையே’ என்று யாராவது முனகியிருந்தாலும், அதைக் கல்லில் வெட்ட ஆள் கிடைத்திருக்காது.

பின்னால் அந்தக் கோயிலைப் பெரிதாக்கியவர் 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட விஜயராகவ நாயக்கர். மன்னார்குடிப் பெருமாள்மீது அவ்வளவு பக்தி. ‘மன்னாரு தாசன்’ என்றே தன்னைச் சொல்லிக்கொண்டார். அவர் சபையில் இருந்த ரங்காஜம்மா என்ற கவிஞர் தெலுங்கில் ‘மன்னாரு தாச விலாசமு’ என்று ஒரு நாடகம் எழுதினார். கதாநாயகன் யார் என்கிறீர்கள்? சாட்சாத் விஜயராகவ நாயக்கரேதான். மகாராஜா முன்வரிசையில் உட்கார்ந்து, மேடையில் ‘மகாராஜா’ என்ட்ரி கொடுப்பதைப் பார்த்துப் பூரித்திருப்பதை நினைத்துப் பாருங்கள். செலவு செய்தவரும் அவர், ஹீரோவும் அவர், முதல் ரசிகரும் அவர். மாஸ் ஹீரோ சினிமாவைக் கோடம்பாக்கம் கண்டுபிடித்ததாக இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

ஆக, ராஜாக்களைக் கொஞ்சம் ‘டச்-அப்’ செய்து காட்டுவது இந்தப் பக்கத்தில் குலத்தொழில். அந்தத் தொழிலில் சக்கரவர்த்தி, மயிலாடுதுறை பக்கத்துப் புத்தமங்கலத்தில் 1899இல் பிறந்த கிருஷ்ணமூர்த்தி. நாடறிந்த பெயர் கல்கி.

1950 அக்டோபரில் தன் பத்திரிகையில் தொடரை ஆரம்பித்தார். மூன்றரை வருஷம் போயிற்று. அந்த மூன்றரை வருஷமும் தமிழ்க் குடும்பங்களில் பத்திரிகை வந்த அன்றைக்குச் சண்டை. முதலில் யார் படிப்பது? தாத்தாவா, அத்தையா, பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்த பொடியனா? தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பெரியவர்களுக்காக எழுதிய தொடர் இப்படித்தான் குழந்தைகளின் சொத்து ஆனது. கல்கியே எதிர்பார்க்காத வாசகர் கூட்டம் அது. அதில் பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டவே தெரியாது.

அத்தியாயங்களைக் கிழித்து, சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்து வாங்கிய தொகுப்புகள் இன்னும் சில வீட்டுப் பரணில் கிடக்கின்றன. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பைண்டர் விளிம்பை வெட்டியபோது வரிக்கு ஒரு எழுத்து காவு போயிருக்கும். நந்தினி ‘சிரித்தா’ வரைக்கும்தான் இருப்பாள், ‘ள்’ பைண்டர் கடையிலேயே தங்கிவிட்டது. நடுவில் ஒரு பக்கத்தில் சதுரமாக ஓட்டை. ஓவியர் மணியம் வரைந்த குந்தவை இருந்த இடம். பிளேடு வைத்து வெட்டி எடுத்தது சித்தப்பா என்பது பாட்டிக்குத் தெரியும், சித்திக்குத் தெரியாது.

அந்த மணியம்தான் பின்னால் வந்த எல்லா டைரக்டருக்கும் எதிரி. குந்தவையின் கொண்டை எந்தப் பக்கம் சாய வேண்டும், ஆழ்வார்க்கடியான் தொந்தி எத்தனை அங்குலம், பழுவேட்டரையர் மீசை எங்கே ஆரம்பித்து எங்கே முடிய வேண்டும் என்பதையெல்லாம் அவர் அப்போதே தீர்த்துவைத்துவிட்டார். சோழர்கள் நிஜத்தில் எப்படி இருந்தார்கள்? அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

ரசிகர் தொல்லையும் அன்றைக்கே ஆரம்பம். 1954இல் தொடர் முடிந்ததும் கல்கிக்குப் பாராட்டோடு புகாரும் வந்து குவிந்தது. பாதியில் விட்டுவிட்டீர்களே, இன்னாருக்குக் கல்யாணம் ஆயிற்றா, அன்னார் கதி என்ன என்று ஒரே கேள்வி. பாவம், மனிதர் ஒரு முடிவுரை எழுதி ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று கணக்கு ஒப்புவிக்க வேண்டியதாயிற்று. மூன்றரை வருஷம் கதை சொன்னவரைப் பார்த்துத் ‘திடீர்னு முடிச்சுட்டீங்களே’ என்று கேட்க ஒரு தைரியம் வேண்டும். நமக்கு அது எப்போதுமே உண்டு.

சரி, இவ்வளவு பேர் காவல் காக்கிற அந்த ‘ஒரிஜினல்’ என்ன? அதாவது நிஜச் சரித்திரம்? கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

வந்தியத்தேவன் இருந்தது உண்மை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பெயர் இருக்கிறது. எப்படி இருக்கிறது? குந்தவை கொடுத்த நன்கொடையைச் சொல்லும் இடத்தில், அந்த அம்மாளின் வீட்டுக்காரர் என்ற அளவில். குதிரை இல்லை, குறும்பு இல்லை, இலங்கைப் பயணம் இல்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் மூன்று தலைமுறையாகக் கனவு கண்ட வீரர், கல்வெட்டில் மனைவியின் செக்கில் இருக்கும் இனிஷியல்.

நந்தினி? கிடையாது. பூங்குழலி? கிடையாது. ஆழ்வார்க்கடியான்? அவரும் கிடையாது. எல்லாம் கல்கியின் கைச்சரக்கு. வானதியின் ஒரே காதலை நினைத்து உருகியவர்களுக்கு இன்னொரு செய்தி. அவள் காதலித்த அருள்மொழிவர்மன்தான் பின்னால் ராஜராஜன்; அவருக்கு அரசிகள் பத்துப் பேருக்கு மேல். இதைப் பள்ளிக்கூட வயதில் யாரும் நம்மிடம் சொல்லாமல் இருந்தது பெரிய மனிதாபிமானம்.

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை நிஜம். நாவலில் அதற்குப் பழிவாங்கல், சாபம், இருட்டறை, திரைச்சீலை எல்லாம் உண்டு. சரித்திரத்தில் என்ன இருக்கிறது? காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு. கொலை நடந்து சுமார் 17 வருஷம் கழித்து, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் போட்ட உத்தரவு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் வகையறா துரோகிகள், அவர்கள் சொத்தும் உறவுக்காரர் சொத்தும் பறிமுதல் என்கிறது. பெண் கொடுத்தவன், பெண் எடுத்தவன் வரைக்கும் இழுத்துவிட்டிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்தின் மாபெரும் கொலை மர்மம் நமக்குக் கிடைத்திருப்பது ரெவின்யூ டிபார்ட்மென்ட் ஆர்டராக!

அருள்மொழிவர்மன் சித்தப்பா மதுராந்தகருக்காக அரியணையை விட்டுக்கொடுத்தாரே, அந்தத் தியாகமாவது? அதற்கு ஆதாரம் இருக்கிறது. ஜனங்கள் கெஞ்சியும் அருள்மொழி மறுத்துவிட்டார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. ஆகா! அந்தச் செப்பேட்டைப் பொறிக்கவைத்தது யார்? ராஜேந்திர சோழன். அருள்மொழிவர்மரின் சொந்த மகன். அப்பாவைப் பற்றி மகன் எடுத்த பயோபிக்கில் அப்பா பதவிக்கு ஆசைப்பட்டதாகவா காட்டுவார்கள்?

இப்படிக் கையில் கிடைத்த நாலு வரியையும், நீலகண்ட சாஸ்திரி, சதாசிவ பண்டாரத்தார் எழுதிய சரித்திரங்களையும் வைத்துக்கொண்டு கல்கி ஐந்து பாகம் கட்டி எழுப்பினார். அதாவது, ரீமேக் செய்தார். அந்த ரீமேக்கை நாம் ஒரிஜினல் என்று பூஜை அறையில் வைத்தோம். அதன்பிறகு கைவைக்க வந்த ஒவ்வொருவருக்கும் கண்டம்தான்.

முதல் ஆள் சாமானியர் இல்லை, எம்.ஜி.ஆர். 1958இல் பத்தாயிரம் ரூபாய்க்கு உரிமை வாங்கினார். வைஜயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, ஜெமினி கணேசன், நம்பியார் என்று பட்டியல் போட்டார். இயக்கமும் அவரே. அதே வருஷம்தான் ‘நாடோடி மன்ன’னில் தயாரிப்பு, இயக்கம், ராஜா வேஷம், நாடோடி வேஷம் எல்லாவற்றையும் ஒரே ஆளாகச் செய்து ஜெயித்திருந்தார். விட்டிருந்தால் குந்தவையை மட்டும்தான் வெளியில் தேடியிருப்பார்.

விதி சீர்காழியில் காத்திருந்தது. 1959இல் அங்கே ‘இன்பக்கனவு’ நாடகம். சண்டைக் காட்சியில் குண்டுமணி என்ற பாரி ஆசாமியை எம்.ஜி.ஆர். தூக்க, கால் எலும்பு முறிந்தது. ஆறு மாதம் படுக்கை. அப்புறம் உரிமையைப் புதுப்பித்தும் படம் நகரவில்லை. சீர்காழி எங்கே இருக்கிறது? சோழ நாட்டில். சோழர் கதையை எடுக்க வந்தவரின் காலைச் சோழ மண்ணே வாரிவிட்டது.

அடுத்து 80களின் கடைசியில் கமல்ஹாசனும் மணிரத்னமும் உட்கார்ந்து திரைக்கதை பேசினார்கள். பட்ஜெட்டைப் போட்டுப் பார்த்து எழுந்துவிட்டார்கள். 2010ஐ ஒட்டி மணிரத்னம் மறுபடி வந்தார். விஜய் வந்தியத்தேவன், மகேஷ் பாபு அருள்மொழி என்று பேச்சு. அதுவும் செலவுக் கணக்கில் கவிழ்ந்தது. சினிமாக்காரர்கள் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதே, 1999இல் மேஜிக் லேண்டர்ன் நாடகக் குழு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் செட் போட்டு முழுக் கதையையும் நடித்துக் காட்டிவிட்டது. கோடிகள் இல்லாததால் யாரும் தடுக்கவில்லை போலிருக்கிறது.

படம் வராத அறுபது வருஷத்தில் நம் ஜனங்கள் சும்மா இருந்தார்களா? டீக்கடைக்கு டீக்கடை நடிகர் தேர்வு நடந்தது. வந்தியத்தேவனாக யார் நடிக்கலாம் என்று ஒரு பத்திரிகையில் கேட்டபோது ஜெயலலிதா ரஜினிகாந்த் பெயரைச் சொன்னாராம். சொன்னது ரஜினியே, 2022 செப்டம்பரில் மணிரத்னம் ஒருவழியாக எடுத்து முடித்த படத்தின் விழா மேடையில். அதே மேடையில் இன்னொன்றும் போட்டு உடைத்தார். பெரிய பழுவேட்டரையர் வேஷம் எனக்குக் கொடுங்கள் என்று அவர் கேட்க, உங்கள் ரசிகர்களிடம் நான் திட்டு வாங்கவா என்று மணிரத்னம் மறுத்துவிட்டாராம். யோசித்துப் பாருங்கள், சூப்பர் ஸ்டாரே சான்ஸ் கேட்டு ரிஜெக்ட் ஆன ஒரே கம்பெனி சோழ சாம்ராஜ்யம்தான்!

படத்தின் டீசர் வந்தது. உடனே குடுமிப்பிடி. கவசம் ரோமாபுரி மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். ஐஸ்வர்யா ராய் நந்தினியா, த்ரிஷா நந்தினியா என்று இன்னொரு பஞ்சாயத்து. ஆதித்த கரிகாலனின் நெற்றித் திலகம் விஷயமாக வக்கீல் நோட்டீஸே போனது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன இளவரசர் நெற்றியில் என்ன இட்டிருந்தார் என்பது அவருடைய அம்மாவைவிட நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

2022 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை. முதல் பாகம் ரிலீஸ். அந்த வருஷம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 வரை காத்திருக்காமல் மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். டெல்டாவில் ஒரு பக்கம் குறுவை அறுப்பு, மறுபக்கம் சம்பா நடவு. வயலில் ஆள் கிடைக்காத நேரம். தியேட்டரில் மட்டும் எப்படியோ ஆள் கிடைத்தது. மாநிலம் முழுக்க, சினிமா தியேட்டர் படியை வருஷக்கணக்காக மிதிக்காத பாட்டிகள், முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு வந்து இறங்கினார்கள். விசில் அடிக்கத் தெரியாத ரசிகர் மன்றத்தைத் தமிழ் சினிமா அன்றைக்குத்தான் பார்த்தது.

உங்கள் பின்வரிசையில் கட்டாயம் ஒரு பெரியம்மா உட்கார்ந்திருப்பார். படம் ராஷ்டிரகூடர்களோடு போரில் ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான்.

“டேய் தம்பி, இது தப்புடா. முதல்ல வீராணம் ஏரிக்கரைதான் வரும்.”

“பெரியம்மா, மெதுவா.”

“ஆடிப் பதினெட்டு, கரை நெடுக ஜனம், வந்தியத்தேவன் குதிரையில தனியா வருவான். எழுதியே வெச்சிருக்குடா. பாத்து எடுக்க வேண்டியதுதானே?”

வந்தியத்தேவனாக வந்த கார்த்தி வாயைத் திறந்து சிரித்த உடனே பெரியம்மா அடங்கிவிட்டார். “இந்தப் பிள்ளை பரவால்ல” என்று சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டார். மூன்று மணி நேரத்தில் அது ஒன்றுதான் அவர் கொடுத்த பாஸ் மார்க்.

கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டையைக் குத்தி ஈரப்பதம் பார்ப்பார்களே, 17 சதவீதம் தாண்டினால் ஓரமாகத் தள்ளிவிடுவார்களே, அதுபோல ஒவ்வொரு சீனையும் குத்திப் பார்த்தார்கள். 2023 ஏப்ரல் 28இல் இரண்டாம் பாகம் வந்தபோது மீட்டர் அலறியே விட்டது. மணிமேகலையைக் காணோம்! வந்தியத்தேவனை நினைத்து உருகி உருகிச் சித்தம் கலங்கிப்போன அந்தப் பெண்ணை மணிரத்னம் மொத்தமாகவே தூக்கிவிட்டார். சேந்தன் அமுதன்தான் உண்மையான மதுராந்தகர் என்ற பெரிய திருப்பமும் அவுட். ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்தில் அடக்க யாரையாவது வெட்டத்தானே வேண்டும் என்றால் யார் கேட்கிறார்கள்? வீட்டில் பந்தியில் ஒரு ஆள் குறைந்த மாதிரி புலம்பினார்கள். புத்தகத்தைப் படித்த காலத்தில் ‘இந்தப் பெண் வேறு நடுவில் வந்து அழுகிறாளே’ என்று பக்கத்தைத் தள்ளியவர்களும் அந்தப் புலம்பலில் உண்டு.

டெல்டாக்காரர்களுக்குத் தனியாக ஒரு மனத்தாங்கல். காவிரிக் கதையை எங்கே எடுத்தார்கள்? தாய்லாந்தில், ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில், மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவில். ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் விட்டது 1025 வாக்கில். அதற்கு அரை நூற்றாண்டு முந்திய வந்தியத்தேவன் ஃப்ளைட் பிடித்து அந்தப் பக்கம் போய் வந்துவிட்டான்.

ஆனால் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இங்கே எடுக்க என்ன மிச்சம் இருக்கிறது? சாமிக்குக் கருங்கல்லில் கட்டிய மகாராஜாக்கள் தங்களுக்குச் செங்கல்லே போதும் என்று விட்டுவிட்டார்கள். கோயில் ஆயிரம் வருஷமாக நிற்கிறது. அரண்மனை இருந்த பழையாறையில் இன்றைக்கு அரண்மனை என்று காட்ட ஒன்றுமில்லை. அதனால் புந்தேலா ராஜாக்கள் ஐந்நூறு ஆறுநூறு வருஷம் கழித்துக் கட்டிய மாளிகைகளில் சோழ இளவரசிகள் குடியேறினார்கள். சோழப்படை கால் வைக்காத ஊரில் ஷூட்டிங் படை வாடகைக்கு வீடு பிடித்தது.

படம் ஓடிக்கொண்டிருந்தபோதே நாட்டில் இன்னொரு ரகளை. 2022 அக்டோபரில் டைரக்டர் வெற்றிமாறன் ராஜராஜ சோழனை இந்துவாக்கிவிட்டார்கள் என்று பேச, கமல் அந்தக் காலத்தில் இந்து மதம் என்ற பெயரே கிடையாது என்று சொல்ல, டிவிக்கு டிவி விவாதம். எல்லோரும் சோழர்களுக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். தாத்தாவின் சொத்துக்குப் பாகம் பிரிப்பது போல அவ்வளவு ஆவேசம். சம்பந்தப்பட்டவர் தஞ்சாவூரில் சிலையாக நின்று வேடிக்கை பார்த்தார்.

இவ்வளவு திட்டிவிட்டு யாராவது பார்க்காமல் இருந்தார்களா? முதல் பாகம் உலகம் முழுக்க சுமார் 500 கோடி வசூல் என்றார்கள். சிறந்த தமிழ்ப் படம் உட்பட நான்கு தேசிய விருதுகள். முதல் தடவை பார்த்தது தப்பைக் கண்டுபிடிக்க. இரண்டாம் தடவை பார்த்தது, கண்டுபிடித்த தப்பைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்ட. மணிரத்னத்தின் கல்லாவில் பாதி நம் நொட்டைச் சொல்லால் நிரம்பியது என்றால் தப்பில்லை.

படத்தோடு இன்னொன்றும் ஓடியது. புத்தகம். 1999இல் கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். புத்தகத் திருவிழாவில் கடைக்குக் கடை ஐந்து பாகமும் மலையாகக் கிடந்தன. படம் பார்த்த பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டிகள் வாங்கிக் கொடுத்தார்கள், ‘இப்பப் படிச்சுப் பாரு, அசல் எதுன்னு தெரியும்’ என்ற சவாலோடு.

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை, படிக்கிறார்கள். படித்துவிட்டுப் பாட்டியிடமே புகாரோடு வருகிறார்கள்: “பாட்டி, புக்ல மணிமேகலைன்னு ஒரு அக்கா வர்றாங்க, படத்துல அப்படி யாருமே கிடையாது. இந்தக் கல்கி எதுக்கு எக்ஸ்ட்ராவா சேத்தாரு? ஒரிஜினல்ல இருக்கிற மாதிரியே எழுதியிருக்கலாம்ல?”